வெடிமருந்துக் கப்பலும் துறைமுகமும்

கடற்போர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் போர்க்கப்பல்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கினால் அதற்கென ஓர் அதிகாரம் உண்டு. நாசகாரிக் கப்பலுக்கு ஒரு பந்தியேனும் உண்டு. ஆனால் அக்கப்பல்களின் பீரங்கிகளுக்குக் குண்டும், அவற்றின் விமானங்களுக்குத் தோர்ப்பிடோவும் சுமந்துவந்த சரக்குக் கப்பல்கள் அடிக்குறிப்பில் நின்றுவிடுகின்றன. மணிக்குப் பத்துப் பதினொரு கடல்மைல் வேகத்தில், தற்காப்புக்குச் சில துப்பாக்கிகளுடன், பல்லாயிரம் மைல் கடந்துவந்த இக்கலங்கள் இல்லாதிருப்பின் இந்து சமுத்திரத்தில் எந்தக் கடற்படையும் ஒரு நாளேனும் போரிட்டிருக்க முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாடு இரண்டாம் உலக மகாயுத்தத்தை நேரிற் கண்டதில்லை. பலாலியில் விமானத்தளம் அமைந்ததும், பர்மா அரிசி நின்றுபோய்க் கூப்பனுக்குக் காத்திருக்க நேர்ந்ததும், 1942 ஏப்பிரலில் கொழும்பிலிருந்து குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பியதும் குடாநாட்டார் அறிந்த யுத்தமாகும். நேரடியான போர் திருகோணமலைக்கே வந்தது. அங்கே அன்று எரிந்த கப்பல் ஒன்றிலிருந்து இவ்விடயத்தை நோக்குவது பொருந்தும்.

‘சகாயிங்’ என்பது அக்கப்பலின் பெயர். பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையிலுள்ள ஒரு பழம்பெரும் நகரின் பெயர் அது. ஸ்கொத்லாந்திற் கட்டப்பெற்று, கிளாஸ்கோவுக்கும் றங்கூனுக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றியிறக்கிய ஹென்டர்சன் கம்பெனிக் கப்பல்களுள் இதுவும் ஒன்று. 1942 மார்ச்சு மாதத்தில் றங்கூன் யப்பானியர் வசமானபோது அக்கப்பலின் வழமையான பாதையே இல்லாமற் போயிற்று. அடுத்த மாதம் அது திருகோணமலைத் துறைமுகத்தில், விமானங்களும் வெடிமருந்தும் உள்ளிட்ட யுத்தச் சரக்குடன் நின்றது.

ஏப்பிரல் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய நகுமோ தளபதியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் 9ஆந் திகதி காலை திருகோணமலைப் பக்கம் திரும்பின. தாக்குதல் வருமென முன்னரே அறிந்த கடற்படையினர் முதல்நாள் இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றைத் தெற்கு நோக்கி வெளியேற்றிவிட்டனர். ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் அவற்றுள் அடங்கும். அன்று அதிலே போர்விமானம் ஒன்றுதானும் இருக்கவில்லை. துறைமுகத்தைவிடத் திறந்த கடலே பாதுகாப்பானது என்ற அக்கணக்கு எவ்வாறு முடிந்தது என்பது யாவரும் அறிந்ததே. திரும்பி வரும் வழியில் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்தோரில் 307 பேர் மாண்டனர். துறைமுகத்திலேயே நின்ற சகாயிங்கோ குண்டுபட்டுத் தீப்பற்றியது. அதனைக் கைவிட்டுவிட்டு ஆட்கள் வெளியேறினர். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றும் நாட்கணக்கில் எரிந்தது.

இங்கு கருதத்தக்க விடயம் ஒன்றுண்டு. யுத்தச் சரக்கேற்றிய கப்பலொன்று எரிந்தும் திருகோணமலைப் பட்டினம் அதனால் அழியவில்லை. காரணம் பெரிதும் புவியியல் சார்ந்தது. திருகோணமலை உள்துறைமுகம் உலகின் மிகப் பரந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அங்கே கப்பல்கள் கரையோடு ஒட்டிநிற்கத் தேவையில்லை. நடுநீரில் நங்கூரமிட்டுத் தோணிகள் மூலம் சரக்கிறக்கலாம். ஒரு கப்பல் எரிந்தால் அயலிலுள்ளதை அப்புறப்படுத்த இடமும் உண்டு. வெடிமருந்துக் கப்பலின் ஆபத்து அது எதைச் சுமக்கிறது என்பதில் மட்டுமன்றி, எங்கே, எவற்றின் நடுவே நிற்கிறது என்பதிலும் தங்கியுள்ளது.

இவ்வுண்மை 1942இற் புதிதன்று. கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசெம்பர் 6ஆந் திகதி ‘மொன் பிளாங்’ என்ற பிரெஞ்சு வெடிமருந்துக் கப்பல் இன்னொரு கப்பலுடன் மோதித் தீப்பற்றியது. அது ஆபத்துச் சரக்குக்குரிய செங்கொடியை ஏற்றியிருக்கவில்லை. எனவே கப்பல் எரிவதை வேடிக்கை பார்க்க மக்கள் கரையிலும் யன்னல்களிலும் கூடினர். சுமார் இருபது நிமிடத்திற் கப்பல் வெடித்தது; இரண்டாயிரம் பேரளவில் இறந்தனர். அதன் பின்னர் எந்தத் துறைமுக அதிகாரியும் தான் அறியவில்லை எனக் கூற இடமில்லை. வெடிமருந்துக் கப்பல் ஊருக்குள் வரக்கூடாது, செங்கொடி ஏற்றவேண்டும், வெளியே நின்றே சரக்கிறக்க வேண்டும் என்னும் விதிகள் பம்பாயிலும் இருந்தன. யுத்தத்தின் அவசரம் அவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டது.

பம்பாயில் அவ்வாறு வந்து நின்ற கப்பல் ‘போர்ட் ஸ்டிக்கீன்’. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரின்ஸ் ரூபேட் என்னுமிடத்தில் 1942ஆம் ஆண்டு கட்டப்பெற்ற, 7,142 தொன் கொள்ளளவுடைய நீராவிச் சரக்குக் கப்பல் அது. நீர்மூழ்கிக் கப்பல்களால் இழந்தவற்றை ஈடுசெய்வதற்காக ஒரே மாதிரியிற் பெருந்தொகையாகக் கட்டப்பட்ட கப்பல்களுள் ஒன்று. பழைய கோட்டைகளின் பெயர்களே அவற்றுக்கு இடப்பட்டன. இதன் தலைவர் அலெக்சாந்தர் நெய்ஸ்மித் என்பவர்.

1944 பெப்ரவரி 24ஆந் திகதி இங்கிலாந்தின் பேக்கன்ஹெட்டிலிருந்து அது புறப்பட்டது. அதிலேற்றப்பட்ட வெடிப்பொருள் 1,395 தொன். பீரங்கிக் குண்டுகள், தோர்ப்பிடோக்கள், கடற்கண்ணிகள் முதலியன. இவற்றில் 238 தொன் மிக இலகுவில் வெடிக்கும் வகையைச் சேர்ந்தது. பெட்டிகளில் அடைத்த போர்விமானங்களும், இந்தியாவுக்கெனத் தங்கக் கட்டிகள் கொண்ட 31 பெட்டிகளும் இருந்தன. தங்கத்தின் பெறுமதி ஏறக்குறைய ஒன்பது இலட்சம் பவுண். தங்கத்தை வைப்பதற்கு மட்டும் உருக்கினாலான தனி அறையொன்று கட்டி, அதன் மூடியை ஒட்டி வைத்தார்கள். வெடிமருந்துக்கு அத்தகைய தனியிடம் கிடைக்கவில்லை.

கராச்சி வரைக்கும் பயணத்திற் குறையேதும் நேரவில்லை. அங்கே விமானங்கள் சிலவற்றை இறக்கியதும் கப்பலில் இடம் உண்டாயிற்று. யுத்தகாலத்தில் வெற்றிடத்துடன் கப்பல் செல்லலாகாது என்பது கட்டளை. எனவே 8,700 பொதி பஞ்சும், பீப்பாய்களில் மசகெண்ணெயும், மரமும், பழைய இரும்பும், மீன் உரமும் ஏற்றப்பட்டன. பஞ்சுப் பொதி பற்றிக் கப்பலோட்டிகள் அஞ்சுவதற்குத் தக்க காரணம் உண்டு. இறுக்கிக் கட்டிய பஞ்சிலே ஒரு பொறி விழுந்தால் அது சுவாலையின்றி உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் கனன்று கொண்டிருக்கும். வெளியே தெரியும்போது அணைப்பதற்குக் காலங் கடந்திருக்கும். இரண்டாம் இலக்கச் சரக்கறையில் வெடிப்பொருளுக்குக் கீழேயும் இப்பஞ்சு அடுக்கப்பட்டது. அடுப்பை மூட்டி அதன்மேற் சட்டியை வைத்தது போன்ற அடுக்கு இது. நெருப்பு மட்டுமே பாக்கி.

ஏப்பிரல் 12ஆந் திகதி கப்பல் பம்பாய் விக்டோரியா டொக்கை அடைந்தது. டொக் என்பது மதகு வைத்து அடைக்கப்பட்ட, மூன்று பக்கமும் பண்டசாலைகள் சூழ்ந்த நீர்த்தொட்டி. அயலில் பிரின்ஸஸ் டொக். இரண்டிலும் கப்பல்கள் நெருங்கி நின்றன. சுவருக்கு அப்பால் தானியக் களஞ்சியங்கள், பஞ்சுக் கிட்டங்கிகள், தொழிலாளர் குடியிருப்புகள். போர்ட் ஸ்டிக்கீன் செங்கொடி ஏற்றவில்லை. யுத்தகாலத்தில் அக்கொடியை ஏற்றுவது பகைவருக்குக் குறி காட்டுவதாகும் என்ற எண்ணமும், வெடிமருந்துக் கப்பல் வருவது அந்நாட்களில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டமையும் இதற்குக் காரணம் எனலாம். பக்கத்துக் கப்பல்களில் வேலைசெய்தோர் பலருக்கு அதன் சரக்கு இன்னதென்றே தெரியாது.

இறக்கப்பட வேண்டிய முறையும் தலைகீழாயிற்று. முதலில் வெளியேற வேண்டிய வெடிமருந்தை ஏற்றுவதற்குத் தோணிகள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அதற்கிடையில் நாற்றமெடுத்த மீன் உரத்தை இறக்கத் தொடங்கினர். பாரமான இரும்பை எடுக்கப் பாரந்தூக்கிக்குக் காத்திருந்தனர். இவ்வாறு இரண்டு நாட்கள் கழிந்தன.

14ஆந் திகதி வெள்ளிக்கிழமை. மதிய உணவு முடிந்து வேலைக்குத் திரும்பிய கூலியாட்கள் பிற்பகல் 1.45 மணியளவில் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை வருவதைக் கண்டு கூவினர். அதற்கு முன்னரே புகையைக் கண்ட அயற் கப்பலோர் சிலர் அது தமக்குரிய விடயமன்று என்று இருந்துவிட்டனர். தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து நீர் பாய்ச்சினர். வெடிபொருட் பகுதி அதிகாரியான கப்டன் ஒபர்ஸ்ற் கப்பலின் சரக்கைக் கேட்டறிந்ததும், இது வெடித்தால் டொக் முழுவதும் அழியும் என்று எச்சரித்து, கப்பலை அமிழ்த்திவிடுமாறு கூறினார். ஆயின் டொக்கின் ஆழம் கப்பலை முற்றாக மூழ்கடிக்கப் போதாது என்பது ஒரு மறுப்பு. இழுத்துக் கடலுக்குக் கொண்டு போகலாம் என்றனர் சிலர். தண்ணீரே போதும் என்றனர் வேறு சிலர்.

இந்நேரத்தைப் பற்றி எழுதியோர் யாவரும் ஒரு விடயத்தை அழுத்திக் கூறுகின்றனர். அங்கே நின்ற அதிகாரிகளில் எவருக்கும் ஏனையோர் மீது கட்டளையிடும் அதிகாரம் இருக்கவில்லை. கப்பலுக்குத் தலைவர் ஒருவர், டொக்குக்கு முகாமையாளர் ஒருவர், தீயணைப்புக்குக் கூம்ஸ் என்னும் அதிகாரி, வெடிபொருளுக்கு ஒபர்ஸ்ற், கடற்படைக்கு வேறொருவர். ஒவ்வொருவரும் தத்தம் துறையில் தவறிழைக்காதவர்களே; எனினும் கப்பலை என்ன செய்வது என்ற ஒற்றைக் கேள்விக்கு விடைசொல்லும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லை. நெய்ஸ்மித் தம் கப்பலைத் தாமே அழிக்கத் தயங்கியதைக் குறைகூறுவது எளிது. இந்தியாவின் தலையாய துறைமுகத்தின் நடுவே, மேலதிகாரி எவரும் ஆணையிடாத நிலையில், தங்கமும் போர்ச்சரக்கும் ஏற்றிய கப்பலை அமிழ்த்தும் துணிவு எத்தனை பேருக்கு வரும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏறத்தாழ 900 தொன் நீர் சரக்கறைக்குள் இறைக்கப்பட்டது. தீயின் இருப்பிடம் தெரியவில்லை, நீர்தான் கொதித்தது. நீர் ஏற ஏற, எரியும் பஞ்சு மிதந்து மேலிருந்த வெடிமருந்தை நோக்கி எழுந்தது. அணைப்பதற்காக ஊற்றிய நீரே நெருப்பை உரிய இடத்துக்குத் தூக்கிச் சென்றது எனக் கூறுவது மிகையாகாது. கப்பலின் பக்கத் தகட்டில் ஓரிடத்தில் மை கொப்பளித்தது. தீ அவ்விடத்தில் உள்ளதெனக் கண்டு தகட்டை வெட்டித் திறக்க முயன்றனர், அது கைகூடவில்லை. 3.50 மணிக்குக் கப்பலைக் கைவிடும்படி ஆணை பிறந்தது. தீயணைப்போர் பலர் அதன் பின்னரும் குழாயை விடாது நின்றனர்.

4 மணி 6 நிமிடத்திற்குக் கப்பல் வெடித்தது. கப்டன் நெய்ஸ்மித் அதில் மறைந்தார். அரைமணி நேரங் கழித்து, 4.34 மணிக்கு, எஞ்சிய பகுதி முன்னதிலும் வன்மையாக வெடித்தது. வெகு தொலைவிலுள்ள சிம்லாவின் புவியதிர்ச்சிமானி அதனைப் பதிவுசெய்தது. ‘ஜலபத்மா’ என்னும் ஏறக்குறைய நாலாயிரம் தொன் கப்பலின் பின்புறம் நீரைவிட்டுக் கிளம்பிப் பண்டசாலைக் கூரைமீது விழுந்தது. எரியும் பஞ்சு நகரின்மேல் மழையெனச் சொரிந்தது, குடிசைகள் எரிந்தன, ஐம்பதினாயிரம் தொன்னளவு தானியம் பாழாயிற்று. வங்காளப் பஞ்சத்தில் மக்கள் மடிந்து ஓராண்டும் ஆகாத வேளை அது. டொக்கிலிருந்து ஒரு மைல் அப்பால் வீடொன்றின் மேல்மாடியிலே 28 இறாத்தல் நிறையுள்ள தங்கக்கட்டியொன்று கூரையைத் துளைத்து விழுந்தது. வீட்டுக்காரர் அதைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்.

தீயணைப்புப் படையினரில் 66 பேர் உயிர்துறந்தனர். ஏனையோர் எத்தனை பேர்? உத்தியோகபூர்வமான தொகை எழுநூற்றுச் சொச்சம். பிற்காலத்தில் எழுதியோர் எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு வரை கூறுவர். இவ்விரு தொகைகளுக்கும் இடையிலுள்ள பல நூறு மனிதர் யார் என்பதே இவ்வரலாற்றின் மிகத் துயரமான வினா. கப்பலோட்டிகளின் பெயர் கப்பற் பதிவேட்டில் இருந்தது; படையினரின் பெயர் படைப் பதிவேட்டில் இருந்தது; தங்கத்தின் ஒவ்வொரு கட்டிக்கும் இலக்கம் இருந்தது. மேஸ்திரி அன்றன்று காலையில் கூட்டிவந்து, மாலையிற் கூலி கொடுத்தனுப்பும் சுமைகூலியாளுக்கு அத்தகைய பதிவு எதுவும் இருந்திருக்க நியாயமில்லை. டொக் சுவரோரக் குடிசைகளில் இருந்தோருக்கும் அதே நிலைதான். கப்பலுக்குள் இருந்தது எது என்று அறியாதவர்களே அதற்கு மிக அண்மையில் நின்றார்கள்.

இச்செய்தி நாட்டுக்கும் உடனே சொல்லப்படவில்லை. நகர் முழுவதும் நேரிற் கண்டதைப் பத்திரிகைகள் எழுதத் தணிக்கை இடந்தரவில்லை. யப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே விபரமாக ஒலிபரப்பியது. இந்தியப் பத்திரிகை வாசகர் மே மாதம் இரண்டாவது வாரம் வரையிற் காத்திருந்தனர். பகைவருக்கு மறைக்க முடியாததைச் சொந்த மக்களுக்கு மறைத்ததனால் விளைந்த பயன், சதி என்னும் வதந்தி பரவியதேயாகும். விசாரணையிற் சதிக்கு ஆதாரம் காணப்படவில்லை. பஞ்சுக்கருகே எவரோ புகைத்த சுருட்டோ பீடியோ தான் காரணமாதல் கூடும் என்பதே பெரும்பாலோர் ஏற்ற முடிவு. வெடிமருந்தையும் பஞ்சையும் சேர்த்து அடுக்கியமை, இறக்குவதில் ஏற்பட்ட தாமதம், தீயின் பாரதூரத்தை உணரத் தவறியமை ஆகியனவே மெய்யான காரணங்கள். பீடி புகைத்தவனைத் தேடுவதைவிட இவற்றைத் தேடியது நியாயமானதே. பின்னர் இழப்புக்கு அரசாங்கம் நட்டஈடும் வழங்கியது.

எண்ணாயிரம் பேர் ஏழு மாதம் உழைத்து டொக்குகளை மீண்டும் திறந்தனர். ஆயினும் யுத்தம் அதற்காகக் காத்திருக்கவில்லை. பம்பாய் இன்னும் எரிந்துகொண்டிருந்த ஏப்பிரல் 16ஆந் திகதி, திருகோணமலையிலிருந்து பிரித்தானியக் கீழைக் கடற்படை, அமெரிக்காவின் ‘சரடோகா’ விமானந்தாங்கிக் கப்பலையும் சேர்த்துக்கொண்டு, சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் புறப்பட்டது. அம்மாதத்திலேயே மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமைப் பணிமனையைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். 1942இல் ஓடி ஒளிந்த கடற்படை 1944இல் இலங்கையிலிருந்து முன்னேறித் தாக்குகின்றது. இம்மாற்றத்தைத் தளபதிகளின் திறமையாகவே நூல்கள் காட்டும். 19ஆந் திகதி சபாங்கில் விழுந்த குண்டுகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் வயிற்றிற் கிடந்து, ஏதோ ஒரு துறைமுகக் கூலியின் தோளையோ தூக்குக்கயிற்றையோ கடந்து வந்தவையாகும்.

மூன்று மாதத்தில் இதே துயரம் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் போர்ட் சிக்காகோவில் 1944 யூலை 17ஆந் திகதி வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் வெடித்து 320 பேர் இறந்தனர். அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். ஏற்றும் வேலை அங்கே அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. தகுந்த பாதுகாப்பின்றி மீண்டும் அவ்வேலைக்குச் செல்ல மறுத்த 50 பேர் கலகக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். 2024ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படை அத்தீர்ப்பினை நீக்கியது. பம்பாய்க் கூலிகளுக்கு மறுக்கும் உரிமை பற்றிய கேள்வியே எழவில்லை. அவர்களுக்குச் சரக்கு இன்னதென்று சொல்லப்பட்டாலன்றோ மறுப்பதற்கு!

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 14ஆந் திகதி தொடங்கும் வாரம், அன்று மாண்ட தீயணைப்பு வீரரின் நினைவாகத் தீயணைப்புச் சேவை வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. டொக்கின் சேற்றிலிருந்து தங்கக்கட்டிகள் பல்லாண்டுகளாக வெளிப்பட்டவண்ணம் இருந்தன. 2011ஆம் ஆண்டிலும் இரண்டு கிடைத்தன.

திருகோணமலைச் சகாயிங்கின் கதை வேறு வகையில் முடிந்தது. எரிந்த அதன் கூடு நீரில் மிதந்து நிற்கவே, 1943 ஓகஸ்டில் பிரித்தானியர் அதனைக் கரையோரமாக அமிழ்த்தி, ஏனைய கப்பல்கள் கட்டப்படும் இறங்குதுறையாக்கினர். சண்டையிடாத கப்பல் மூழ்கிய பின்னரும் வேலை செய்தது. சுதந்திரம் வந்து, கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டு, உள்நாட்டுப் போர் தொடங்கி முடிந்தும் அது அங்கேயே கிடந்தது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் பல மாத வேலையின் பின் அதனை மிதக்கச் செய்து, இழுத்துச் சென்று, துறைமுகத்துக்கு இடையூறில்லாத ஆழத்தில் மறுபடியும் அமிழ்த்தினர்.